சம்பந்தியின் துப்பாக்கியில் குறை சொல்லலாமா

1

தாம்பரத்திலிருந்து என் நண்பன் ராமபத்திரன் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்பான். முதலாவது, "அங்க இப்ப மணி என்னடா?" இருபது வருடமாகக் கேட்கிறான், இருபது வருடமாகச் சொல்கிறேன், இருபது வருடமாக அதே வியப்போடு "அப்படியா" என்கிறான். இரண்டாவது கேள்வி டெக்சஸ் பற்றியது.

"வீட்டுக்கு வீடு துப்பாக்கி வெச்சிருக்காங்களாமே. நீ வாங்கிட்டியா?"

"இல்லடா."

"பின்ன எதுக்கு அங்க போய் உக்காந்திருக்க?"

நான் அமெரிக்கா வந்து சென்ற மாதத்தோடு இருபது வருடம் நிறைந்தது. கோமதி பாயசம் வைத்தாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் அவளே சாப்பிட்டாள். கணக்குப் பார்த்தால் நான் இங்கே சேர்த்தது இவ்வளவுதான்: காப்பெல் என்கிற ஊரில் வங்கிக்குச் சொந்தமான ஒரு வீடு, கார் நிறுத்த இடமில்லாமல் சாமான் அடைந்த ஒரு கராஜ், கொஞ்சம் கொலஸ்ட்ரால், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஒரே மகள். துப்பாக்கி இல்லை. இந்த மண்ணில் ஒன்றைத் தொட்டதுகூட இல்லை.

சென்ற மாதம் தொட்டேன். தொட்டதோடு விட்டிருக்கலாம். எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நான் மென்பொருள் சோதனையாளன். நாலு பேர் இரவு பகலாக உட்கார்ந்து ஒன்றைக் கட்டி முடித்ததும் ஐந்தாவதாக நான் போய், அது எங்கெங்கே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுப்பேன். குறை எவ்வளவு பெரியது, எப்படிச் செய்தால் திரும்ப வரும் என்பதெல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் என்னோடு மதியம் சாப்பிட யாரும் வருவதில்லை. கோமதியின் கருத்து வேறு மாதிரி: "அங்க சம்பளம் தர்றாங்க, பண்றீங்க. வீட்ல எதுக்கு ஓசியில பண்றீங்க?"

2

வித்யா ஆஸ்டினில் இன்ஜினியராக வேலை பார்க்கிறாள். ஐந்து வயதில் என் தோளில் தூங்கிக்கொண்டே இந்த நாட்டுக்குள் நுழைந்தவள். இப்போது அவளுக்கு இருபத்தைந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, சாப்பிட்டு, கை துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, ஐ நீட் டு டெல் யூ சம்திங். சிட் டவுன்."

"உக்காந்துதாம்மா இருக்கேன்."

"தென் டோன்ட் கெட் அப்."

பையன் பெயர் டைலர். அப்பா அம்மா இருவரும் டெக்சஸ்காரர்கள். அவர்களுக்கு முந்தியவர்களும் டெக்சஸ்காரர்கள். கோமதி நிலைக்கதவில் சாய்ந்து நின்று, அடக்கமான குரலில், எல்லாத் தாய்மார்களும் கேட்பதைக் கேட்டாள்.

"பையன் என்ன பண்றான்?"

"ஹி இஸ் எ டாக்டர், அம்மா."

கோமதியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"அனிமல் டாக்டர். மோஸ்ட்லி கௌஸ்."

விளக்கு ஒரு கணம் மங்கியது. ஆனால் நாகர்கோவில் பெண், சமாளித்துவிட்டாள். "மாடு லட்சுமிதானே," என்றாள். அன்று மாலை தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது: "டாக்டர் மாப்பிள்ளைடி. ஸ்பெஷலிஸ்ட்."

எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை என்றேன். வித்யா நம்பவில்லை. என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முன் வீட்டுக்கு வந்த அவளுடைய நண்பர்களில் ஒருவனிடம் அவன் காரின் இடது பின் சக்கரத்தில் காற்று குறைவு என்றும், இன்னொருவனிடம் அவன் படிக்கும் பாடத்துக்கு வேலை கிடையாது என்றும் தெரிவித்திருக்கிறேன். இரண்டும் உண்மை. இருவரும் திரும்ப வரவில்லை.

"டைலரோட அப்பாவும் ஒரு மாதிரிதான்," என்றாள் வித்யா. அவள் சொன்னது ஆங்கிலத்தில். இனி அவள் பேசுவதையும் டேல் என்கிற அந்த அப்பா பேசுவதையும் பெரும்பாலும் தமிழில்தான் தரப்போகிறேன். டெக்சஸ் இழுவையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். "பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவார். உங்களையும் அவரையும் ஒரே மண்டபத்துல வெச்சுக்கிட்டு என்னால கல்யாணம் பண்ணிக்க முடியுமான்னு தெரியல. ஒரு வீக்கெண்ட் அவங்க ராஞ்சுக்கு வாங்க. அந்த ரெண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் மனுஷங்க மாதிரி இருந்தா கல்யாணம், மேளம், எல்லாம். இல்லேன்னா நாங்க கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறோம். பத்து நிமிஷம். ரெண்டு சாட்சி."

"சாட்சி யாரும்மா?"

"நாட் யூ," என்றாள்.

நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. ஆனால் பெண் பிறந்த அன்றே, தாரை வார்க்கும்போது எந்தக் கை மேலே இருக்க வேண்டும், எந்தக் கை கீழே என்று எந்தத் தகப்பனும் ஒரு முறை மனதுக்குள் பார்த்துக்கொள்கிறான். அந்த "நாட் யூ" எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

3

டேல் ஒரு காப்பீட்டு முகவர். வீடு, கார், பயிர், மாடு எல்லாவற்றுக்கும் பாலிசி எழுதுகிறவர். வாரக் கடைசியில் ஊருக்கு மேற்கே இருக்கிற தன் ராஞ்சில், அதாவது அறுபது ஏக்கர் மாட்டுப் பண்ணையில், போய் இருப்பார். அங்கே அவருடைய செல்லம் ஒரு துப்பாக்கி. இங்கே எங்கு பார்த்தாலும் இருக்கிற ரகம். ராணுவத்தில் தருகிற துப்பாக்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கறுப்பு நிறம், பாதி அலுமினியம், பாதி பிளாஸ்டிக். தேர்தல் முடிந்த கையோடு, புது அரசாங்கம் தடை செய்துவிடுமோ, இனிமேல் கிடைக்காதோ என்ற பயத்தில் கடைகளில் ஜனம் வரிசை கட்டி வாங்கிய பொருள். "சனிக்கிழமை காலைல உங்களுக்குச் சுடக் கத்துக்குடுக்கப் போறாராம்," என்றாள் வித்யா. "அது அவருக்குப் பெரிய விஷயம், அப்பா. எல்லாரையும் தொட விடமாட்டார்."

எனக்குத் துப்பாக்கி பற்றி இருந்த மொத்த அறிவும் கல்லூரி என்.சி.சி.யில் பெற்றது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பரேடுக்கு நாங்கள் போனதே முடிவில் தருகிற பூரி மசாலாவுக்காகத்தான். ஒரு முகாமில் மட்டும் பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். அது என்னைவிடக் கனம். சுட்டதும் தோளில் உதைத்த உதையில் கண்ணாடி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். ஹவில்தார் வந்து கண்ணாடியை மட்டும் எடுத்துத் தந்தார்.

எனவே படிக்க ஆரம்பித்தேன். அரிசிக் குக்கர் வாங்கவே மாதக்கணக்கில் விமர்சனம் படிக்கிற ஜாதி நாங்கள். காப்பெல்லில் ஒரு தமிழன் கார் வாங்கினால் அதற்குமுன் பதினைந்து வீட்டில் கருத்துக் கேட்டிருப்பான். துப்பாக்கி விஷயத்தில் கருத்துக் கேட்க ஆள் இல்லாததால் இணையத்தில் இறங்கினேன். சொர்க்கம். அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கிறவர்களே அதைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். திட்டிய கையோடு இரண்டாவது ஒன்றும் வாங்கியிருந்தார்கள். இத்தனை வருடமாக விற்பனையில் இருக்கிற ஒரு பொருள், தெரிந்த குறைகளோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சோதனையாளனுக்கு இதைவிட இனிமையான வாசிப்பு கிடையாது.

உதாரணமாக, குண்டு வெடித்த புகையில் ஒரு பங்கை மெல்லிய குழாய் வழியாகத் திரும்ப உள்ளேயே அனுப்புகிறார்கள். அந்தப் புகைதான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிற பாகத்தைத் தள்ளுகிறது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் கரியெல்லாம் போய்ப் படிவது தோட்டா வந்து உட்கார வேண்டிய அதே இடத்தில். அடுப்புப் புகையைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் திருப்பிவிட்ட வீடு மாதிரி. அதனால் ஓயாமல் துடைக்க வேண்டும், தாராளமாக எண்ணெய் போட வேண்டும்.

அப்புறம் அந்தக் கைப்பிடி. முதல் தோட்டாவை ஏற்ற இழுக்க வேண்டிய கைப்பிடியைப் பின்னால், கன்னம் வைக்கிற இடத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள். அதை இழுக்க முகத்தை எடுக்க வேண்டும்; முகத்தை எடுத்தால் குறி போய்விடும். கார் கியரைப் பின் சீட்டில் வைத்த மாதிரி. இதைவிட எனக்குப் பிடித்தது வலது பக்கத்தில் இருக்கிற ஒரு பொத்தான். உள்ளே அழுக்குச் சேர்ந்து தோட்டா உட்காரும் அறையின் கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளங்கையால் அதைக் குத்தி மூடலாம். குறையைச் சரிசெய்யாமல் குறைக்கென்று தனியாக ஒரு பொத்தான். என் வாழ்நாளில் எத்தனை புரோகிராமர்கள் இதே வேலையைச் செய்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்திருக்கிறார்கள்.

ஒரு மாலை இதையெல்லாம் கோமதிக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் புடவைக்குப் பிளவுஸ் தேடிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"தோட்டா வைக்கிற பெட்டி இன்னும் இருக்கு. கீழ விழுந்தா அதோட உதடு வளைஞ்சிடும். அப்புறம் —"

"இங்க பாருங்க. அது சம்பந்தி வீட்டுப் பொருள்."

"இன்னும் சம்பந்தி ஆகல."

"ஆகணுமா வேணாமா? பொண்ணைப் பெத்தவர் நீங்க. அவர் துப்பாக்கியக் காட்டினா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நாயைக் காட்டினா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. என்ன குடுத்தாலும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. எங்கப்பா எப்படி நடந்துக்கிட்டார்னு நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு என் பெரியப்பா தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் என்று பிடிவாதம். கோயில் வாசலிலேயே அது நின்றுவிட்டது. என் மாமனார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் இரண்டு தம்பிகளோடு மண்டபம் வரைக்கும் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் மாலையோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மண்டப வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் என் பெரியப்பாவிடம் சொன்னார்: "வண்டிய நல்ல கண்டிஷன்ல வெச்சிருக்கீங்க."



4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோமதி ஏழு தட்டு சீர் கொண்டுவந்திருந்தாள்: பழம், பாக்கு, வெற்றிலை, அதிரசம், முறுக்கு, பூ, டேலுக்கு ஒரு பட்டு வேட்டி. டேல் வாசலில் நின்று நாங்கள் வரிசையாகத் தட்டுகளை ஏந்தி மாட்டுக் கொட்டகையைத் தாண்டி நடந்து வருவதைப் பார்த்தார். நல்ல உயரம், வெள்ளை மீசை. அவர் மனைவி டார்லீன் ஒரு தட்டை வாங்கி, வெற்றிலையை முகர்ந்து, "சாலட்டா?" என்றாள். மகன் டைலர் சாதுவாகச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவன் காரில் நாலு சக்கரத்திலும் காற்று சரியாக இருந்தது.

நான் வேலையை ஆரம்பித்தேன். வீடு பிரமாதம் என்றேன். நாய் என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. கம்பீரமான நாய் என்றேன். டேல் தன் கையால் சமைத்த சில்லியைப் பரிமாறினார். பீன்ஸும் மிளகாயும் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க வைத்த ஒரு குழம்பு; எங்களுக்காக இறைச்சி இல்லாமல். தீய்ந்திருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். டேல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சாப்பாடு முடிந்ததும் மேஜையில் செய்தித்தாள் விரித்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். உள்ளே தோட்டா இல்லை என்று எனக்கு இரண்டு முறை திறந்து காட்டினார். பிறகு பாகம் பாகமாகக் கழற்றினார். நான் இணையத்தில் படங்களாகப் பார்த்த அத்தனை குறைகளும் என் கண் முன்னால் உயிரோடு. எச்சில் ஊறியது.

"இந்தக் கைப்பிடி பின்னாடி இருக்கு பாருங்க," என்றார் டேல்.

"மிக வசதியான இடம்," என்றேன்.

"கதவு மூடலேன்னா இந்தப் பொத்தானைக் குத்தணும்."

"முன்யோசனை," என்றேன்.

"கரி எவ்வளவு சேருது பாருங்க. நான் போன வாரம்தான் துடைச்சேன்."

"நன்றாக உழைத்திருக்கிறது," என்றேன்.

அறையின் மூலையில் வித்யா கண்களை மூடிக்கொண்டாள். டேல் மேலும் எதுவும் காட்டவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தார். காலி. கடை இருபது மைல். "காலைல பாத்துக்கலாம்," என்றார், சுரத்தில்லாமல்.

பெண்ணைப் பெற்றவனுக்கு வாய்ப்பு வந்தது. "எண்ணெய் எங்களிடம் இருக்கிறதே," என்றேன்.

கோமதியின் கைப்பையில் தேங்காய் எண்ணெய் எப்போதும் இருக்கும். தலைக்கு, காலுக்கு, தையல் மிஷினுக்கு, கதவுக் கீலுக்கு, பெட்டியின் பூட்டுக்கு என்று எங்கள் குடும்பத்தில் அதைப் போட்டு ஓடாத பொருள் இல்லை. அவள் புட்டியை எடுத்தாள். டிசம்பர் மாதம், வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. டார்லீனிடம் ஒரு கிண்ணம் வாங்கி, சுடுதண்ணீர் ஊற்றி, புட்டியை அதில் நிறுத்தினாள். கண்ணாடி மாதிரி உருகியது. டேல் ஒரு சொட்டு விரலில் தேய்த்துப் பார்த்து, "நல்ல வழவழப்பு," என்று முதல் தடவையாகப் பாராட்டினார். நானே என் கையால், கோமதி வித்யாவுக்குத் தலையில் வைக்கிற அளவுக்குத் தாராளமாக, சந்து பொந்தெல்லாம் தேய்த்துக் கொடுத்தேன். டேல் பாகங்களைத் திரும்பச் சேர்த்துக் கெட்டியான ஒரு பெட்டியில் வைத்து, அதை விடிகாலைக்குத் தோதாகத் தன் பிக்கப் லாரியில் வைத்துப் பூட்டினார்.

இருபது வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த எண்ணெயைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்குகிறோம். அன்றும் உருக்கினோம். அங்கே இருந்த ஆறு பேரும் பார்த்தோம். அதில் ஒரு டாக்டர், இரண்டு இன்ஜினியர். வெளியே குளிரும் என்கிற ஞானம் ஒருவருக்கும் வரவில்லை.

5

காலையில் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் பனிக்கட்டியாகியிருந்தது. டைலர் சுத்தியலால் தட்டி உடைத்தான். டேல், டைலர், வித்யா, நான் நாலு பேரும் மண்மேட்டுக்கு எதிரே போய் நின்றோம். அந்த மேட்டில்தான் குறி வைத்த பலகை. கோமதியும் டார்லீனும் சமையலறையிலேயே தங்கிவிட்டார்கள்.

எல்லோருக்கும் காதுக்கு மூடி கொடுத்துவிட்டு டேல் முதலில் தான் சுட்டுக் காட்ட நின்றார். இடதுகைக்காரர். கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். வந்தது, திரும்பிப் போகவில்லை. இட்லி மாவுக்குள் போன கரண்டி மாதிரி பாதி வழியில் நின்றது. உள்ளங்கையால் அந்தப் பொத்தானைக் குத்தினார். மறுபடி குத்தினார். ஒருவழியாக மூடியது. சுட்டார். ஒரே ஒரு வெடி. அடுத்தது ஏறவில்லை. கையால் இழுத்து ஏற்றிச் சுட்டார். மறுபடி இழுத்தார். இப்படியே ஏழெட்டு. துப்பாக்கி சூடாகச் சூடாக ஒரு வாசனை கிளம்பியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நேந்திரங்காய் வறுவல். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

டேல் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, திறந்து விரலை விட்டார். விரல் முழுக்கக் கெட்டியான கறுப்புக் களிம்பு. தேங்காய் எண்ணெயும் கரியும் பக்குவமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் கேட்டால் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். அசல் கண்மை. டேல் குழப்பத்தில் அதே விரலால் கன்னத்தைச் சொறிந்தார். கன்னத்தில் வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

டைலர் வானத்தைப் பார்த்தான். கோமதியின் கட்டளை என் தலைக்குள் ஒலித்தது. மாமனார் பட்டு வேட்டியோடு கண் முன்னால் வந்தார். நான் சொன்னேன்: "மிகவும் பாதுகாப்பான துப்பாக்கி."

டேல் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சார்," என்றார். டெக்சஸில் ஒருவர் உங்களை சார் என்றால் ஒன்று மரியாதை, இல்லை எச்சரிக்கை. "நான் முப்பது வருஷமா இன்சூரன்ஸ் விக்கறேன். ஒருத்தர் எல்லாத்துக்கும் சரி சரின்னா அவர் கையெழுத்துப் போடமாட்டார்னு எனக்குத் தெரியும். நேத்து சாயங்காலத்துலேருந்து எல்லாத்தையும் நல்லா இருக்குங்கறீங்க. அந்தச் சில்லி தீய்ஞ்சு போச்சு. நாயே தொடல. நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க. ராத்திரி டார்லீன் அழுதா. எங்க பையன் வேண்டாம்னு நேரா சொல்ல மனசில்லாமதான் இந்த மனுஷன் இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருக்கார்ங்கறா. உங்களுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க தாங்கிப்போம்."

நான் நேற்றிலிருந்து கொட்டிய மரியாதையெல்லாம் அந்தப் பக்கம் போய் மறுப்பாக இறங்கியிருக்கிறது. வித்யாவைப் பார்த்தேன். அவள் கண்ணில் அந்தக் கோர்ட்டு வாசலும் இரண்டு சாட்சிகளும் தெரிந்தன. டேலுக்குப் புரியக்கூடாது என்பதற்காக, பல வருடமாக என்னிடம் பேசாத பாஷையில் பேசினாள்.

"அப்பா. போதும், நடிக்காத. உனக்கு எப்படி வருமோ அப்படிப் பேசு."

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"முதலில்," என்றேன், "இந்த எண்ணெய் குளிரில் உறையும். அது என் தவறு, முதல்தரமான தவறு. ஆனால் டேல், இந்தத் துப்பாக்கி எண்ணெய்க்காக இப்படிப் பிச்சை எடுக்கிறதே, அது யார் தவறு? புகையை உள்ளே விடலாம் என்று எந்தப் புண்ணியவான் தீர்மானித்தான்? இந்தக் கைப்பிடியை வைத்தவன் ஒருநாளாவது ஒன்றைத் தோளில் வைத்துச் சுட்டிருப்பானா? இந்தப் பொத்தான் இருக்கிறதே, இதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குறைக்கு வைத்தியம் பார்க்காமல் குறைக்கு ஒரு கதவு மணி வைத்திருக்கிறார்கள்."

டேல் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. மூன்று வாரம் அடக்கிவைத்தது. தோட்டாப் பெட்டியின் வளைகிற உதடு, கழற்றும்போது தெறித்து ஓடுகிற பொடிப்பொடி ஊசிகள், தோளில் வைக்கிற பின்கட்டைக்குள் ஸ்பிரிங் இருப்பதால் அதை மடிக்க முடியாதது என்று பெரிய குறை முதலில், சின்னக் குறை பின்னால், எப்படிச் செய்தால் திரும்ப வரும் என்பதோடு சொன்னேன். சுடும்போது அந்த ஸ்பிரிங் காதுக்குப் பக்கத்தில் பழைய கட்டில் மாதிரி முனகுவதைக் குரலில் செய்து காட்டினேன். மூச்சு வாங்கியது. "சில்லியும் தீய்ந்துதான் இருந்தது," என்று முடித்தேன். "ஆனால் உங்கள் பையனிடம் நான் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. தேடாமல் இல்லை."

டேலின் மீசை துடித்தது. அவர் சட்டென்று சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். சின்னச் சின்னத் தழும்புகள்.

"இதை விட்டுட்டீங்க," என்றார். "நான் இடதுகை. சூடான வெத்துத் தோட்டா வலது பக்கம் வெளிய வருது. அதாவது என் மூஞ்சிக்கு. சட்டைக்குள்ள விழுந்தா நான் ஆடற ஆட்டத்தை டார்லீன் படம் பிடிச்சு வெச்சிருக்கா."

"அது எனக்குத் தோன்றவே இல்லை," என்றேன், உண்மையான பொறாமையோடு.

"ஆனா அந்தப் பொத்தானைப் பத்தி நீங்க சொல்றது தப்பு. இன்னிக்கு அதான் உதவிச்சு."

"எங்கே உதவியது? குத்திக் குத்தி இன்னும் இறுக்கிவிட்டீர்கள்."

"உதவிச்சு, சார்."

"இல்லை, சார்."

வித்யாவும் டைலரும் லாரியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்து, ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு, எங்களை ஒரு டென்னிஸ் ஆட்டம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கட்சிக்கு நான் த்ரீ நாட் த்ரீயைக் கொண்டுவந்தேன். கையால் இழுத்தால் வரும், விட்டால் போகும், பனியாவது எண்ணெயாவது என்றேன். தோளை எடுத்துவிடுமே என்றார் டேல். கண்ணாடியையும் எடுத்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். பேசப் பேச வெயில் ஏறிவிட்டது. துப்பாக்கி தானாக இளகியது. டேல் துடைத்து, பக்கத்தில் நின்று, எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டி என் கையில் கொடுத்தார். சுட்டேன். உதையே இல்லை. பலகைக்கு நாலடி தள்ளி மண் பறந்தது.

"அந்தக் குறை துப்பாக்கியோடது இல்ல," என்றார் டேல்.

6

மத்தியானம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நடந்ததை வித்யா சொன்னபோது கோமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "அவர் வீட்லயே வெச்சு அவர் பொருளை," என்று தமிழில் ஆரம்பித்தாள். டேல் கன்னத்துப் பொட்டைக் கழுவாமலே ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தார்.

"கல்யாணத்தை எப்படிப் பண்ணுவீங்க?" என்றார் என்னிடம். "கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் வேண்டாம். அங்க எனக்கும் உங்களுக்கும் பேசிக்க பத்து நிமிஷம் எப்படிப் பத்தும்?"

வித்யா தண்ணீர் டம்ளரை வாயருகே வைத்தபடியே நிறுத்திவிட்டாள். நான் சொன்னேன். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. மேடையில் அக்கினி வளர்த்து, நெய் ஊற்றி. மாலை மாற்றும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாமன்மார்கள் தோளில் தூக்குவார்கள். முந்நூறு பேர். மது கிடையாது.

டேல் அதிரசத்தைக் கீழே வைத்தார். முப்பது வருட இன்சூரன்ஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"காலைல ஆறு மணியா? யார் இதை டிசைன் பண்ணினது? மூடின ஹால்ல நெருப்பு, புகை போக வழி எங்க? கூரையில தீயணைக்கத் தண்ணி கொட்டற ஸ்பிரிங்ளர் இருந்தா மொத்தப் பேரும் நனைவீங்க. பொண்ணைத் தோள்ல தூக்கறதா? விழுந்தா யார் பொறுப்பு? தூக்கறவங்களுக்கு என்ன வயசு? முந்நூறு பேரை உக்கார வெச்சு ஒரு பீர் கூடக் குடுக்கமாட்டீங்களா? இந்தப் பலகாரம் நல்லா இருக்கு, ஆனா பல்லுக்குப் பாலிசி எடுக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மணி முகூர்த்தத்தின் நியாயத்தை விளக்க வாயெடுத்தேன். மேஜைக்கடியில் கோமதி என் காலை மிதித்தாள்.

"சும்மா இருங்க," என்றாள் மெதுவாகத் தமிழில். "சம்பந்தி குறை சொல்றாரு. சொல்லட்டும். கேட்டுட்டுத் தலையாட்டுங்க." அவள் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை. டேலின் தட்டில் இன்னொரு அதிரசம் வைத்தாள்.

நான் தலையாட்டினேன். டேல் அடுத்து வாழையிலைக்குப் போனார். தட்டுக்கு விளிம்பே இல்லையென்றால் ரசம் எங்கே போய் நிற்கும் என்று கேட்டார்.

வித்யா என் காதருகே குனிந்தாள். "வொய் இஸ் அம்மா ஸோ ஹாப்பி? ஹி ஹேட்ஸ் எவ்ரிதிங்."

"அதுக்குத்தாம்மா," என்றேன்.